எந்தக் கைக்கு வாங்குகிறீர்கள்?

போன வாரம் நம் தச்சு வேலைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி கேட்டிருந்தார். பீடிங், சுவரடியில் ஓட்டுகிற ஸ்கர்ட்டிங் மாதிரி சின்ன வேலைகளுக்கு வெயிட் இல்லாத கட்டிங் மெஷின் எது வாங்கலாம் என்று. சாயங்காலத்துக்குள் பதில்கள் குவிந்துவிட்டன. இது இரண்டு கிலோகூட இல்லை என்றார் ஒருவர். அதைவிடக் குறைவாக இன்னொன்று வந்திருக்கிறது என்றார் இன்னொருவர். மூன்றாமவர் அனுப்பிய வீடியோவில் ஒரு ஆள் மெஷினை இரண்டு விரலில் தொங்கவிட்டுச் சிரிக்கிறார். எல்லாவற்றையும் கடைசிவரை படித்தேன். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கோபமாக உட்கார்ந்திருந்தேன். அத்தனை பேரில் ஒருவருக்குக்கூட, 'தம்பி, நீ எந்தக் கையால் வேலை செய்கிறாய்?' என்று கேட்கத் தோன்றவில்லை.

கோபப்படுவதற்கு உனக்கு என்ன யோக்கியதை என்று கேட்பீர்கள். நியாயம்தான். அந்தக் கேள்வியைக் கேட்காமல் ஒரு மெஷின் வாங்கிய ஆள் நான். அதனால் என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சொல்வதற்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் அந்த வீடியோவில் சிரிக்கிறவரைப் பார்த்த பிறகு சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

நான் கடலூர் முதுநகரில் முப்பத்தைந்து வருடம் தச்சு மேஸ்திரியாக இருந்தவன். முட்டி ஒத்துழைக்காததால் இப்போது வீட்டோடு இருக்கிறேன். என்னோடு சேர்த்து வேலைக்கு நாலு பேர். ஒரு வீட்டில் எல்லோரும் வேலையை முடித்துவிட்டுப் போன பிறகு கடைசியாக நுழைகிறவர்கள் நாங்கள். நிலைக்கும் சுவருக்கும் நடுவே கொத்தனார் விட்டுப்போன சந்தின் மேல் மெல்லிய மரப்பட்டி அடிப்பது, அதாவது பீடிங். கண்ணாடியைச் சுற்றிப் பட்டி, அலமாரி ஓரத்துக்குப் பட்டி, மழையில் உப்பிய கதவுக்கு இழைப்பு. அடுத்தவர் செய்த கோணலை எல்லாம் மறைத்துவிட்டு, நம் மூலையில் ஒரு நூல் இடைவெளி இருந்தால் திட்டும் வாங்குகிற வேலை இது. உங்களுக்குத் தெரியாததா.

இந்த வேலையில் நான் பார்த்த சிறந்த கை ஏழுமலையுடையது. பிச்சாவரம் பக்கத்து மீனவர் கிராமம். அவன் வீட்டில் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். இவனுக்கு மட்டும் படகு ஏறினால் குடல் வாய்க்கு வந்துவிடும். அதனால் மரத்துக்கு வந்தான். என்னிடம் சேரும்போதே அவனுக்கு இரண்டு பிள்ளைகள். என்னை மாமா என்று கூப்பிடுவான். எங்களுக்குள் சொந்தம் ஒன்றும் இல்லை, பழக்கம்தான். இரண்டு பட்டிகளை அவன் மூலையில் சேர்த்தால் நகம் நுழையாது. அளவு டேப்பைக்கூட அதிகம் எடுக்க மாட்டான். பட்டியை நிலையோடு வைத்துப் பார்த்து, நகத்தால் ஒரு கீறல் போட்டு, வெட்டிக்கொண்டு வந்துவிடுவான்.

ஏழுமலை இடது கைக்காரன். நம் பக்கம் இடது கையை நொட்டாங்கை என்பார்கள், வலது கையைச் சோத்துக் கை என்பார்கள். பள்ளிக்கூடத்தில் அந்த நொட்டாங்கை முட்டியிலேயே ஸ்கேலால் அடித்து அடித்து, எழுதுவதை வலது கைக்கு மாற்றிவிட்டார்கள். அவன் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும். சாப்பிடுவதும் வலது கையில். ஆனால் உளி, ரம்பம், சுத்தி எதைத் தொட்டாலும் இடது கைதான் முன்னால் போகும்.

வாசக்கால் வைக்கிற நாளில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வீட்டுக்காரர் குடும்பத்தோடு நிற்பார். மஞ்சள், குங்குமம், பூ. தச்சனுக்கு வேட்டி துண்டு, வெற்றிலை பாக்கு. ஏழுமலை வாரக்கணக்கில் இழைத்துச் செதுக்கிய நிலையாக இருக்கும். ஆனால் அந்த நேரம் வந்ததும் அவன் தானாகவே பின்னால் போய் நின்றுகொள்வான். ஒருமுறை ஒரு வீட்டில் அவன் மறந்துபோய் இடது கையால் சுத்தியை எடுத்தான். வீட்டுப் பெரியவர், "நொட்டாங்கையால வாசக்கால தொட்டா வூடு வெளங்குமா?" என்றார். நான் என்ன செய்தேன்? சுத்தியை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். வேலை அவனுடையது, வேட்டி துண்டு எனக்கு வந்தது. பல வருடம் இதை நான் ஒரு குறையாகவே நினைக்கவில்லை. உலக வழக்கம் என்று நினைத்தேன். இப்போது நினைத்தால் எரிச்சலாக வருகிறது.

மெஷினுக்கு வருகிறேன். எங்களிடம் ஒயர் போட்ட பழைய ரம்ப மெஷின் ஒன்று இருந்தது. கனம். பிளேடு வலது பக்கம், மோட்டார் இடது பக்கம். வலது கையால் பிடித்தால் மோட்டார் நமக்கும் பிளேடுக்கும் நடுவே வந்துவிடும். கோடு தெரிய வேண்டும் என்றால் மெஷினுக்கு மேலே எட்டிப் பார்க்க வேண்டும். இருபது வருடம் நான் அப்படி எட்டிப் பார்த்தே கழுத்தைக் கெடுத்துக்கொண்டேன். ஏழுமலை மட்டும் அதில் நேராக நின்று அநாயாசமாக வெட்டுவான். மீனவர் வீட்டு உடம்பு, பலம் இருக்கிறது என்று நான் நினைத்துக்கொள்வேன். அவன் அதை இடது கையில் பிடிப்பதால் பிளேடு அவன் பக்கமும் மோட்டார் அந்தப் பக்கமும் இருக்கின்றன, கோடு அவன் கண்ணுக்கு நேராக விழுகிறது என்பது இத்தனை வருட மேஸ்திரியின் மண்டையில் ஏறவில்லை.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் கடலூரில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு பேட்டரி மெஷினை என் கையில் வைத்தார்.

"ஒத்தக் கையில தூக்கிப் பாருங்கண்ணே. இனிமே தோளு வலி, கழுத்து வலின்னு பேச்சே கெடயாது."

தூக்கிப் பார்த்தேன். காய்கறிப் பையைத் தூக்குகிற மாதிரி இருந்தது. அதைவிடப் பெரிய அதிசயம், பிளேடு இடது பக்கம் இருந்தது. எட்டிப் பார்க்காமலே கோடு தெரிந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில் பழைய மெஷினை அங்கேயே எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிட்டேன். அந்தக் கடைக்காரர் யார் வேலை செய்யப்போகிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரைச் சொல்லி என்ன, நாலு பேருக்குமாகச் சேர்த்து வாங்கிய நானே என் ஒரு கையில் தூக்கிப் பார்த்துத்தானே வாங்கினேன்.

அடுத்த நாளே ஏழுமலை வந்தான். "மாமா, கோடு தெரிய மாட்டேங்குது."

"கண்ணாடி போட்டுக்க."

"கண்ணு நல்லாத்தான் இருக்குது மாமா. மோட்டாரு மறைக்குது. கட்ட விரலுக்கு அந்த லாக் பட்டனும் எட்டல. அந்தப் பக்கமா இருக்குது."

"வெயிட் கம்மியா ஒண்ணு வாங்கிக் குடுத்தா அதுலயும் நொட்டை சொல்லு. நாலு நாள் புடிச்சா பழகிப்போவும்."

இப்படி மூன்று தடவை சொன்னான். நாலாவது தடவை சொல்லவில்லை. வேலைக்காரன் சொல்வதை நிறுத்திவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று நினைக்கிற மேஸ்திரிகளில் நானும் ஒருவன். உண்மையில் என் கழுத்து வலியைக் கழற்றி அவன் கழுத்தில் மாட்டியிருந்தேன், அவ்வளவுதான்.

அப்போது சிதம்பரத்தில், அண்ணாமலை நகருக்குப் போகிற வழியில், ஒரு புது வீட்டில் வேலை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு அம்மாவும் அவர் கணவரும் கட்டிய வீடு. மூன்று நாளில் கிரகப்பிரவேசம். பத்திரிகை கொடுத்தாகிவிட்டது, பந்தல்காரர் கம்பு இறக்கிக்கொண்டிருந்தார். எங்களுக்கு ஏழு கதவுக்குப் பீடிங் பாக்கி. ஏழுமலை அடித்த முதல் இரண்டு கதவில் மேல் மூலைகள் வாய் பிளந்து நின்றன. அவன் கையில் இப்படி ஒரு மூலையை நான் பார்த்ததே இல்லை.

அந்த அம்மா பார்த்துவிட்டார். "மேஸ்திரி, என்னா இது. பத்திரிக அட்டய உள்ள விட்டா நிக்கும் போலருக்கு."

ஏழுமலை தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவர் அவன் கையைப் பார்த்தார். "அவுரு நொட்டாங்கையில வெட்டுறாரு. அதான் கோணிக்கிட்டுப் போவுது. மொத நாள்லேர்ந்து பாக்குறேன், சொல்லக் கூடாதுன்னு இருந்தேன்."

தம்பிகளே, கவனியுங்கள். இவன் பதினெட்டு வருடமாக இதே கையால் எனக்குச் சம்பாதித்துக் கொடுத்த பெயர் எவ்வளவு. அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே வாக்கியம்: கையில் தப்பில்லை அம்மா, மெஷினில் தப்பு. எனக்கு அது தெரிந்திருக்கவில்லை. தெரிந்துகொள்ள அவன் மூன்று தடவை வாய்ப்புக் கொடுத்திருந்தான். வீட்டுக்கார அம்மா முகம் சுளிக்கிறார், மூன்று நாளில் விசேஷம், என் மானம் போகிறது. நான் சொன்னது இது:

"ஏழுமல, சோத்துக் கையில புடி."

அவன் என்னைப் பார்த்தான்.  மெஷினை வலது கைக்கு மாற்றினான்.

இப்போது நடந்ததை நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எடை குறைந்த மெஷினின் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. கனமான மெஷின் இரண்டு கையையும் கேட்கும். இரண்டு கையும் மெஷின் மேல் இருந்தால் பட்டியைக் கிளாம்ப் போட்டு இறுக்காமல் வெட்டவே முடியாது. எடை குறைந்த மெஷினை ஒரு கையில் பிடிக்கலாம். அப்போது ஒரு கை மிச்சமாகிறது. மிச்சமான கை சும்மா இருக்காது, மரத்தைப் பிடிக்கப் போகும். அதுவும் ஏழுமலைக்கு மிச்சமானது எந்தக் கை? வேலை தெரிந்த கை. மெஷினைப் பழகாத கையில் கொடுத்துவிட்டு, பழகிய கையைப் பட்டியின் பக்கம் நான் அனுப்பிவிட்டேன். பலகை ஓரத்தில் பட்டியை வைத்து, அடியில் விரலைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்தான். பிளேடு பட்டியைத் தாண்டி எவ்வளவு கீழே இறங்கும் என்று அவன் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. நான் மூன்றடி தள்ளி நின்றுகொண்டு, "சீக்கிரம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

வலது கை மெஷினை நேராகத் தள்ளவில்லை. பட்டி துள்ளியது. ஏழுமலை மெஷினைக் கீழே வைத்துவிட்டு, வெட்டுப்பட்ட கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தான். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் உள்பக்கம் திறந்துகிடந்தன.

முதலில் ஓடி வந்தது அந்த அம்மாதான். இதையும் சொல்லியாக வேண்டும். தன் புடவைத் தலைப்பைக் கிழித்துச் சுற்றினார், கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே காரில் ஏறினார், கணவரை விரட்டி வண்டியை எடுக்கச் சொன்னார். வழியெல்லாம் அவன் முதுகைத் தடவிக்கொண்டே வந்தார். வந்தபடியே சொன்னார், "கடவுள் காப்பாத்துனாருப்பா. நல்ல வேள, நொட்டாங்கையா போச்சு. சோத்துக் கை தப்பிச்சுது."

மனசாரத்தான் சொன்னார். அதனால்தான் எனக்கு இன்றுவரை ஆத்திரம். கெட்டவர் ஒருவர் சொல்லியிருந்தால் மறந்திருப்பேன்.

பக்கத்திலிருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குப் போனோம். இளம் வயது டாக்டர் அம்மா ஒருவர் இருந்தார். துணியைப் பிரித்துப் பார்த்தார். விரலை மடக்கச் சொன்னார். ஏழுமலை முயற்சி செய்தான், இரண்டு விரலும் அசையவில்லை. உள்ளே நரம்பு மாதிரி இழுக்கிற நார் அறுந்திருக்கிறது என்றார். பிறகு ஏழுமலையைப் பார்த்துக் கேட்டார்.

"நீங்க எந்தக் கையால வேல செய்வீங்க?"

ஏழுமலை உடனே சொன்னான். "சோத்துக் கை மேடம்."

அறையில் அந்த அம்மாவும் அவர் கணவரும் இருந்தார்கள், நர்ஸ் இருந்தார், நான் இருந்தேன். டாக்டர் யோசித்தார். "அப்ப இங்கயே தச்சுடலாம். முழுசா மடங்காது, வெறப்பாத்தான் இருக்கும். வேல கையா இருந்தா நான் தொட மாட்டேன், பாண்டிச்சேரிக்கு அனுப்புவேன். கை ஆபரேசன் பண்றவங்க அங்க இருக்காங்க" என்றார்.

ஏழுமலை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நர்ஸ் தையல் போடுகிற சாமான் தட்டை எடுத்து வைத்தார்.

ஒரு மூச்சு விடுகிற நேரம் நானும் சும்மாதான் நின்றேன். அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். அவன் இடது கைக்காரன் என்று நான் வாயைத் திறந்தால், பின்னே ஏன் வலது கையில் மெஷின் இருந்தது என்ற கேள்வி வரும். அதற்குப் பதில் நான். அவனே சோத்துக் கை என்று சொல்லிவிட்ட பிறகு நாம் எதற்கு நடுவில் என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. எவ்வளவு கேவலமான நினைப்பு. அந்த ஒரு மூச்சு நேரம் இன்னொரு மூச்சு நேரமாக நீண்டிருந்தால், நகத்தால் கீறி அளவெடுக்கிற அந்தக் கை அன்றோடு முடிந்திருக்கும்.

"பொய் சொல்றான் மேடம்" என்றேன். "இதுதான் அவன் வேல கை. பதினெட்டு வருசமா பாக்குறேன். நொட்டாங்கையில புடிக்காதன்னு நான்தான் இன்னைக்கு மாத்தச் சொன்னேன். இந்தக் கை போச்சுன்னா அவன் குடும்பமே போச்சு."

டாக்டர் அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. என்னைப் பார்க்கவில்லை, ஏழுமலையைத்தான் பார்த்தார். "ஏங்க, இதுல போய் யாராவது மறைப்பாங்களா? உங்க கை போவுது, நீங்க பொய் சொல்லிக்கிட்டு இருக்கீங்க."

அவன் மெதுவாகச் சொன்னான். "யாரு கேட்டாலும் அப்பிடித்தான் மேடம் சொல்லிப் பழக்கம்."

 வீட்டுக்கார அம்மா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்க்கவில்லை. பள்ளிக்கூட ஸ்கேல், வாசக்கால் பெரியவர், வேட்டி துண்டு வாங்கிய நான், எல்லோரும் சேர்ந்து ஒரு மனுஷனை எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறோம். கையைக் காப்பாற்றக் கேட்கிற கேள்விக்குக்கூட அவனால் உண்மையைச் சொல்ல முடியவில்லை. அவன் வெட்கப்படுகிறான். வெட்கப்பட வேண்டியவர்கள் சுற்றி நிற்கிறோம்.

ஆம்புலன்ஸில் பாண்டிச்சேரி போனோம். அன்றைக்கே ஆபரேஷன் நடந்தது. கையில் கட்டோடு வாரக்கணக்கில் இருந்தான். பிறகு ஒரு பந்தை வைத்து அமுக்கி அமுக்கிப் பயிற்சி. நடுவிரல் முழுசாகத் திரும்பிவிட்டது. ஆள்காட்டி விரலின் நுனி மட்டும் இன்னும் சரியாக மடங்காது. அஞ்சு மாதம் வேலை இல்லை.

அந்த அஞ்சு மாதமும் அவன் வீட்டுக்குப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே வசனம்தான் பேசினார்கள். நொட்டாங்கைதானே, தப்பிச்ச. ஒருநாள் நான் இருக்கும்போதே ஒருத்தர் அப்படிச் சொல்ல, நான் பிடித்துக் கத்திவிட்டேன். அவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். கத்தியதில் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஏழுமலையின் மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னாள், "ஊர்ல இருக்கறவங்க சொல்லட்டும்ண்ணே. அவுங்களுக்குத் தெரியாது. கூடவே நின்னு வேல செஞ்சவுரு நீங்க. சோத்துக் கையில புடின்னு நீங்க எப்பிடி சொன்னீங்க?" பெருமை எல்லாம் அங்கேயே இறங்கிவிட்டது. 

அவன் வேலைக்குத் திரும்பும் நேரம் வந்தது. அந்தப் பேட்டரி மெஷினை எடுத்துக்கொண்டு ரிப்பேர் கடை வைத்திருக்கும் பாய் ஒருவரிடம் போனேன். மங்கலம்பேட்டைக்காரர், வளைகுடாவில் பல வருடம் மர வேலை பார்த்தவர். இதில் என்ன கோளாறு என்று பாருங்கள் என்றேன். அவர் ஓட்டிப் பார்த்துவிட்டு, மெஷினில் ஒன்றும் இல்லையே என்றார். நான் கதையைச் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்.

"அண்ணே, ஆளக் கூட்டிக்கிட்டுப் போயி வாங்குனீங்களா, ஆள வுட்டுட்டுப் போயி வாங்குனீங்களா?"

பிறகு மெஷினை என் இடது கையில் கொடுத்து, பலகையில் ஒரு கோடு போட்டு, இதைப் பார்த்து வெட்டுங்கள் என்றார். எனக்குக் கோடு தெரியவில்லை. மோட்டார் மறைத்தது. கட்டை விரல் பட்டனைத் தேடியது, பட்டன் அந்தப் பக்கம் இருந்தது. அரை நிமிஷம்கூட ஆகவில்லை. ஏழுமலை மூன்று தடவை சொன்னது எல்லாம் அந்த அரை நிமிஷத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. அந்த அரை நிமிஷத்தை நான் முதல் நாளே செலவழித்திருக்கலாம்.

ஏழுமலையைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். பேட்டரியைக் கழற்றச் சொல்லி, இருந்த மெஷினை எல்லாம் ஒவ்வொன்றாக அவன் இடது கையில் பிடித்துப் பார்க்க வைத்தேன். பிளேடு வலது பக்கம் இருக்கிற ஒன்றில் வந்து நின்றான். லாக் பட்டன் இரண்டு பக்கமும் இருந்தது.

"அது கொஞ்சம் வெயிட் ஜாஸ்திண்ணே" என்றார் கடைக்காரர் என்னிடம்.

"இருக்கட்டும்ங்க" என்றான் ஏழுமலை. "கோடு தெரியுது."

ஆகவே தம்பி, உன் கேள்விக்கு என் பதில். எடை குறைந்தது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஏணி மேல் நின்று பட்டி அடிக்கிறவனுக்கு எடை குறைவது நல்லதுதான். ஆனால் அதைக் கடைசியில் கேள். வேலை செய்கிற கையில் பிடித்தால் தலையைச் சாய்க்காமல் கோடு தெரிகிறதா? பிடியை மாற்றாமல் விரல் பட்டனுக்கு எட்டுகிறதா? பிளேடை மூடுகிற தகடு தானாக டக்கென்று திரும்பி விழுகிறதா? அதைக் கம்பி போட்டுத் தூக்கிக் கட்டுகிறவனை உன் சைட்டிலிருந்து துரத்து, அவன் உன் மச்சானாக இருந்தாலும். பிளேடு மரத்துக்கு அடியில் எவ்வளவு நீட்டும் என்று குனிந்து பார். மெஷினை ஒரு கையில் தூக்க முடிந்தாலும் பட்டியைக் கிளாம்ப் போட்டு இறுக்கிவிட்டு இரண்டு கையாலும் பிடி. நாலு பேருக்கு ஒரு மெஷின் வாங்குகிற மேஸ்திரி இந்தக் குழுவில் இருந்தால், நாலு பேரையும் கூட்டிக்கொண்டு போகட்டும். சின்ன வேலைக்குத்தானே என்கிற பேச்சை மட்டும் என்னிடம் பேசாதீர்கள். சின்னப் பட்டியில்தான் விரல் பிளேடுக்குப் பக்கத்தில் போகிறது.

இன்னொன்று பாக்கி இருக்கிறது.

கிரகப்பிரவேசம் நடந்துவிட்டது. மீதிக் கதவுகளுக்கு வேறு ஆளை வைத்து முடித்திருந்தார்கள். ஆனால் மழைக்காலம் முடிந்ததும் அந்த அம்மாவே எனக்குப் போன் செய்தார். பட்டிகள் எல்லாம் மூலையில் விலகிவிட்டன, ஏழுமலையே வந்து செய்ய வேண்டும் என்றார். அவன் போக மாட்டான் என்று நினைத்தேன். போகலாம் மாமா என்றான்.

போனோம். அவன் பையைப் பிரித்து மெஷினை எடுத்து இடது கையில் பிடித்தான். ஆள்காட்டி விரல் மட்டும் கொஞ்சம் நேராக நின்றது. அந்த அம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது. பிறகு, பெரிய மனசோடுதான், சொன்னார்.

"ஏழுமல, இனிமே நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்ப்பா. நீ எந்தக் கையில வேணா செய்."

எனக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. அனுமதி கொடுக்கிறாராம். நான் வாயைத் திறப்பதற்குள் ஏழுமலை நிமிர்ந்தான். குரல் உயரவில்லை.

"அத நான் கேக்கலம்மா" என்றான். "எந்தெந்த மூலன்னு மட்டும் காட்டுங்க."

 அவர் முன்னால் போய் ஒவ்வொரு கதவாகக் காட்டினார்.